நிலம் கைவிட்டுப் போன பிறகு

அன்புள்ள செல்வம்,

நிலத்தைக் கிரயம் பண்ணிக் கொடுத்துவிட்டாய் என்று பாலு சொல்லித்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குத் தனியாகத் திட்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம், மூத்தவளுக்குப் பரீட்சை, இங்கிலாந்தின் சுவிண்டனில் வழக்கம்போல மழை. ஆனால் "காடே போயிடுச்சு, இனிமே ஊரைப் பத்தி எழுத எனக்கென்ன யோக்கியதை" என்று நீ அவனிடம் புலம்பினாயாமே, அதைக் கேட்டதிலிருந்து, கிராமத்தையும் இயற்கையையும் பற்றி எழுதிய ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்ட் ஜெஃப்ரீஸைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று இருக்கிறது.

அவர் 1848-ல் பிறந்த பண்ணைவீடு இந்த ஊர் ஓரத்திலேயே, கோட் என்ற இடத்தில் இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். தோட்டத்தில் ஒரு கிழட்டு முசுக்கொட்டை மரம். பக்கத்தில் கால்வாய்க்குத் தண்ணீர் விட வெட்டிய ஏரி. 'பெவிஸ்' நாவலில் பையன்கள் கடல் என்று வைத்துக்கொண்டு படகு விடுவது அதில்தான். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. 16 வயதில் உறவுக்காரப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு மாஸ்கோவுக்கு நடந்தே போவதென்று கிளம்பி, பிரான்ஸ் வரைக்கும் போய்த் திரும்பினார். அத்தோடு விட்டாரா? அடுத்து அமெரிக்கா என்று லிவர்பூல் போய், கொடுத்த டிக்கெட் காசில் சாப்பாடு சேராது என்று தெரிந்து அங்கிருந்தும் திரும்பினார்கள். நம் பாலுவும் விழுப்புரம் ஸ்டேஷனும்... சரி, விடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெஃப்ரீஸின் அப்பாவுக்கு சுமார் 40 ஏக்கர். கடன். 1870-களின் கடைசியில் பண்ணை கைவிட்டுப் போய், அவர் பாத் நகரத்தில் அடுத்தவர் தோட்டங்களில் கூலிவேலை பார்த்தார். மகன் 1877-லேயே லண்டனை ஒட்டிய சர்பிட்டனுக்குக் குடிபோயாயிற்று. அதற்கு முன்னால் சொந்த மாவட்டமான வில்ட்ஷயரில் இருந்தபடி எழுதிய நாவல்களை ஒருவரும் சீந்தவில்லை. பேர் வாங்கிக் கொடுத்த 'தி கேம்கீப்பர் அட் ஹோம்' 1878-ல் வருகிறது, அடுத்தடுத்து இன்னும் சில, எல்லாம் வில்ட்ஷயர் வேலியும் முயலும் வரப்பும், எல்லாம் சர்பிட்டனில் உட்கார்ந்து எழுதியது! யோக்கியதை பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வெறும் குருவி, பூ என்று நினைத்துவிடாதே, உனக்கு அது பிடிக்காது என்று தெரியும். 1872-ல் பண்ணைக்காரர்கள் பக்கம் நின்று லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் போட்டவர்தான், பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் ரோஜர் என்ற அறுவடைக் கூலிக்காரன் கூடவே நாள்முழுக்க வெயிலில் நடக்கிறார். விளைந்த வயலை அத்தனை ஆசையாக வர்ணித்துவிட்டு, கோதுமை அழகுதான், மனித வாழ்க்கையோ உழைப்பு என்று முடித்துவிடுகிறார். எனக்கு உன் அப்பாவின் முதுகுதான் ஞாபகம் வந்தது.

1881 கடைசியில் படுத்தார், அப்புறம் முழுசாகத் தேறவே இல்லை. ஆபரேஷன் மேல் ஆபரேஷன், அப்புறம் காசநோய், கையில் காசில்லை, உதவி வாங்கவும் ரோஷம். பேனா பிடிக்க முடியாமல் அவர் சொல்லச் சொல்ல மனைவி ஜெஸ்ஸி எழுதினார். முன்பெல்லாம் எந்தப் பூ என்றைக்குப் பூத்தது, எந்தப் பறவை என்றைக்கு வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டிருந்த ஆள், ஜன்னலுக்கு உள்ளே கிடந்தபடி, நான் கணக்கு வைக்காமல் இவை எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. 1887 ஆகஸ்டில், கோரிங் என்ற கடற்கரை ஊரில், 38 வயதில் போய்விட்டார். நம்மைவிட எவ்வளவு சின்னவர், பார்.

அதனால் அந்த இருமலை முதலில் டாக்டரிடம் காட்டு, சிகரெட்டைப் பற்றி அண்ணியிடம் நானே பேசிக்கொள்கிறேன். அப்புறம் அந்தக் கமலைக் கிணறு, தண்ணீர் முறைக்காக உன் சித்தப்பா மண்வெட்டியோடு ராத்திரியெல்லாம் காவல் இருந்தது, வாய்க்காலில் நாம் பிடித்த கெளுத்தி, எல்லாவற்றையும் எழுது. டைப் அடிக்கச் சோம்பலென்றால் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பு, ஜெஸ்ஸி பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். சித்தப்பாவின் கெட்ட வார்த்தை ஒன்றைக்கூட வெட்டமாட்டேன்.

உன்,
ராமு