மிச்சமாகும் 900 ரூபாயை ஷாக் அப்சார்பரில் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு 15,000 ரூபாய்க்கு விற்ற சைக்கிளில் இது 900 ரூபாய்க்குச் சற்று மேல். "இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் ஷாக், டிஸ்க், 21 கியர் எல்லாம் வந்துவிடும் சார்" என்று கடையில் சொல்வார்கள். சென்னை போன்ற சமதள ஊரில் தினமும் வேலைக்குப் போக ஹைபிரிட் சைக்கிள் (ரேஸ் சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியது இந்த மூன்றையும்தான்.

இந்த விலையில் வரும் ஷாக் அப்சார்பருக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங் மட்டுமே. முன்சக்கரத்தைப் பிடிக்கும் சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவாவது கூடுதல் எடை. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அந்த ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் துருப்பிடித்துவிட்டால் அப்புறம் அது வெறும் இரும்புச் சுமை. குண்டு குழிக்கு டயரே போதும். 700x38 டயரில், 65 முதல் 70 கிலோ எடையுள்ளவர் பின்னால் 50, முன்னால் 45 பிஎஸ்ஐ காற்று வைத்தால் கை வலிக்காது.

டயரைப் பற்றி இன்னொன்று. நம் பழைய சைக்கிளின் 28 இஞ்ச் டயரும் ஹைபிரிட்டின் 700சி டயரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பேச்சிலும் இரண்டுக்கும் "28" என்றே பெயர். பழையதன் ரிம் அளவு 635 மி.மீ., ஹைபிரிட்டுக்கு 622. ஒன்று மற்றதில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல (முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம் அளவு) அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். வால்வு பைக்கில் இருப்பதுபோன்ற தடித்த வகையாக இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம்.

21 கியர் என்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு. முன்னால் 48 பல், பின்னால் 20 பல் போட்டால் கிடைப்பதும், 38க்கு 16 போட்டால் கிடைப்பதும் கிட்டத்தட்ட ஒரே கியர். இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுபவை பல. 38 பல் சக்கரம் ஒன்று மட்டும் முன்னால் இருந்து, பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு இருந்தால் எந்த மேம்பாலமும் ஏறிவிடும். 38க்கு 16 வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தாலே மணிக்குக் கிட்டத்தட்ட 22 கி.மீ. வேகம் வரும். முன் கியர் மாற்றி இல்லாவிட்டால் செயின் அதில் உரசும் தொல்லையும் கிடையாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

டிஸ்க் பிரேக்கை நான் அடியோடு வெறுக்கவில்லை. மழையில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ரயில் நிலைய ஸ்டாண்டில் சைக்கிளை நெருக்கி அடுக்கும்போது பக்கத்து வண்டியின் பெடல் இடித்துத் தட்டு வளையும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'சர்ர்' சத்தம்தான். மலிவான கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கட்டைதான் நகரும். அடுத்த பக்கத்துக் கட்டை தேயத் தேயக் கையால் திருகி நெருக்க வேண்டும். ரிம்மை இருபக்கமும் பிடிக்கும் வி-பிரேக்கின் கட்டையைத் தெருமுனைக் கடையிலேயே மாற்றலாம். மழையில் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே லேசாகப் பிடிக்க வேண்டும், ரிம்மில் உள்ள ஈரம் வழிந்த பிறகே பிடிப்பு வரும். வீல் கோட்டமாக இருந்தாலும் வி-பிரேக் உரசும், ஆகவே கோட்டம் எடுத்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

ஃபிரேமில் மட்கார்டும் கேரியரும் மாட்ட மரையுள்ள துளைகள் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மழைக்காலம் முழுக்கச் சட்டை முதுகில் சேற்றுக் கோடு. வரியில் மிச்சமான 900 ரூபாய் மட்கார்டுக்கும் பூட்டுக்கும் போகட்டும். செருப்போ ஷூவோ போட்டு, சைக்கிளின் மேல்கம்பிக்கு இருபுறமும் கால் வைத்து நின்றால் மூன்று நான்கு செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கம்பி இடித்தால் அடுத்த சின்ன அளவைக் கேளுங்கள்.

பெட்டியில் வரவழைத்து வீட்டிலேயே பூட்டுகிறவர்கள் கெடுப்பது இடது பெடலைத்தான். அதன் மரை தலைகீழ். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். வலப்பக்கம் திருப்பி, ஏறவில்லையே என்று ஸ்பானரை அழுத்தினால் பெடலைத் தாங்கும் அலுமினியக் கிராங்கின் மரை போய்விடும், கிராங்கையே மாற்ற வேண்டும். முதல் ஐந்தாறு சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஃபோர்க்கின் வளைவு முன்பக்கம் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். தவறாகத் திருப்பிப் பூட்டிய வண்டிகளும் சாலையில் ஓடத்தான் செய்கின்றன.

புது கேபிள்கள் முதல் சில வாரங்களில் இளகும், கியர் தாவும். 100 கி.மீ. ஓடியதும் வாங்கிய கடையிலேயே ஒருமுறை இறுக்கித் தரச் சொல்லுங்கள். ரசீது போடும்போதே அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

– சைக்கிள் மெக்கானிக் ஒருவர், குரோம்பேட்டை