கோயில் ஸ்டோர் டிரில் மெஷின் எடுக்கறவங்க கவனத்துக்கு

வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். நேத்து கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேந்து செய்யற கூட்டு வேல) முடிஞ்சு டிரில்ல திரும்ப வாங்கி பாக்கறேன், வயர் மெஷின்கிட்ட வளையற எடத்துல ரப்பர் பிளந்து உள்ள செம்பு தெரியுது, 240 வோல்ட்டு, ஈரக்கையில யாராச்சும் புடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே நெஞ்சு பதறுது. சனிக்கிழம சுங்கை சிப்புட் டவுன்ல குடுத்து வயர் மாத்தற வரைக்கும் யாரும் கேக்காதீங்க. டேப் சுத்தி ஓட்டலாம்னும் சொல்லாதீங்க.

இனிமே எடுக்கறவங்க, பிட்டு (ஓட்ட போடற முனை) மாத்தறதுக்கு முன்ன பிளக்க கழட்டிருங்க, சுவிட்ச் ஆஃப் மட்டும் பத்தாது. பிட்ட புடிச்சிருக்கற சக்க இறுக்கற சாவிய, சக்குல இருக்கற மூணு ஓட்டையிலயும் போட்டு இறுக்கணும், ஒண்ணுல மட்டும் இறுக்கினா பிட்டு நழுவும், அப்பறம் சாவிய மறக்காம எடுத்துடுங்க. கையுறை வேணாம், துணி சுத்திக்கிட்டா விரலயும் சேத்து இழுத்துரும், ஆனா கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம். சுவிட்சுக்கு நேர் மேலயும் கீழயும் ஓட்ட போடாதீங்க, சுவத்துக்குள்ள வயர் போகும்.

மெஷின்ல காத்து போற ஓட்டையில சிமெண்டு தூசி அடைஞ்சிருந்தா தட்டி தொடச்சிட்டு குடுங்க. உள்ள தீப்பொறி நெறைய தெரிஞ்சா, கருகுன வாட வந்தா உடனே நிறுத்திட்டு எனக்கு மெசேஜ் போடுங்க, மோட்டாருக்கு கரண்ட் குடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கலாம், நான் பாத்து மாத்தி தரேன்.