நாலரை மணிக்குப் பிறகும் பள்ளி உண்டு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் ஒருவழியாகக் கைக்கு வந்து, பிள்ளைகளும் புது வகுப்புக்குப் பழகிவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில்தான் என் மேசைக்குச் சில கடிதங்கள் வரத் தொடங்கும். "மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் இனி விளையாட்டில் சேர்க்க வேண்டாம்." "பெரியவளாகிவிட்டதால் முகாமுக்கு அனுப்ப இயலாது." அவற்றை எழுதிய கைகளின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை இன்னொரு முறை யோசியுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண். மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடியதால் பத்தாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. தூக்கம் கெட்டு, காலையில் சாப்பிடாமல் வந்து, முதல் பாடவேளையிலேயே தலையைக் கவிழ்க்கிற பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வகுப்பு முடிந்ததும் நேராக டியூஷன், அங்கிருந்து வீடு என்று போகிற பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? பிளஸ் 1 பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மாநிலக் கல்விக் கொள்கையின்படி அந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. கிடைத்த அந்த மூச்சையும் நாமே அடைத்துவிட வேண்டாம்.

விளையாட அனுப்பும் வீட்டிலிருந்து எனக்கு ஓர் உதவி வேண்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. நம் மைதானத்தில் மயங்கி உட்காரும் பிள்ளையிடம் கேட்டால் பெரும்பாலும் "காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை சிஸ்டர்" என்பதுதான் பதில். முந்தின நாள் சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தாலும் போதும், வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள். வாரந்தோறும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று சிலர் போடாமல் விட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

அடுத்தது, பெரியவளான பிறகு மைதானம் எதற்கு என்ற கேள்வி. எட்டாம் வகுப்பு வரை கபடியிலும் கோ-கோவிலும் காற்றாகப் பறந்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் மைதானத்தின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது எனக்குத் தாங்க முடியாத காட்சி. உடம்பு வளர்கிற அந்த வயதில்தான் எலும்பும் உறுதிப்படுகிறது. இது என் உடம்பு, இதற்கு வலு உண்டு என்று அவள் தெரிந்துகொள்வதும் அப்போதுதான். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். நம் தெருக்களைப் போன்ற தெருவிலிருந்துதான் அவரும் போனார். நம் உடற்கல்வி ஆசிரியை ஒரு பெண். மாதவிடாய் நாள்களில் விளையாடுவதா ஓய்வெடுப்பதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். அரைக்கால் சட்டை கூச்சமாக இருந்தால் பயிற்சிக்கு முழுநீள ட்ராக் பேன்ட் போட்டு வரலாம்.

சாரணியர் இயக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆண் சாரணர்கள் கூடிய பேரணிக்கு, யாரும் அழைக்காமலே சில பெண் பிள்ளைகள் வந்து நின்று எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்கான இயக்கம் பிறந்தது. 1911இல் ஜபல்பூர் வழியாக இந்தியாவுக்கும் வந்துவிட்டது. முடிச்சுப் போடுவதும் கூடாரம் அடிப்பதும் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடித் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. காயத்துக்குக் கட்டுப் போடவும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லித்தரவும், வயதானவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரவும் தெரிந்த பிள்ளை ஒருத்தி தெருவில் இருந்தால் அவள் எவ்வளவு பெரிய துணை! 'ராஜ்ய புரஸ்கார்' என்னும் மாநில அளவிலான சாரணியர் விருது வரை செல்லப் படிப்படியாகத் தேர்வுகள் உண்டு. நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்த உழைப்பெல்லாம் வீணாகும். சீருடைச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். படித்து முடித்த மாணவிகள் கொடுத்துவிட்டுப் போன நல்ல சீருடைகள் அலுவலகத்தில் இருக்கின்றன.

நான் மிகவும் மதிக்கும் ஒரு சிறு குழுவும் நம் பள்ளியில் உண்டு. கிறிஸ்தவ மாணவிகளுக்கு இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், மற்றவர்களுக்கு இளம் மாணவர் இயக்கம் என்று பெயர். இரண்டும் ஒரே அறையில்தான் கூடுகின்றன. பெல்ஜியத்துக் குருவானவர் ஜோசப் கார்டைன் வகுத்துத் தந்த வழியில், முதலில் பார்ப்பது, பிறகு ஆராய்வது, அப்புறம் செயலில் இறங்குவது என்று வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்கள் பார்த்தது இதைத்தான்: பல பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டார்கள். இடைவேளைக்குள் கழிப்பறை வரிசை முடிவதில்லை, இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் குடிக்கவே பயம். எழுதிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். தாழ்ப்பாள் போட்டோம், இடைவேளையைக் கூட்டினோம். அதிகாரத்தில் இருப்பவரிடம் மரியாதையாகவும் தெளிவாகவும் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இங்கே படிப்பவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்லர். எனவே சமயம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சமயப் பாடமான மறைக்கல்வியும், மாதா பக்திக் குழுவான மரியாயின் சேனையும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி எந்த மாணவியையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது; நாங்கள் அதை மனதாரப் பின்பற்றுகிறோம். ஜூலை 26 தூத்துக்குடி பனிமய மாதா கோவில் கொடியேற்றத்துக்குப் பாடல் குழுவில் வர விரும்பும் பிள்ளைகள் வீட்டிலிருந்து சம்மதக் கடிதம் கொண்டுவந்தால் போதும், எந்தச் சமயமானாலும் சரி. ஆகஸ்ட் 5 திருநாள் வரை மாலைப் பயிற்சிகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

கடைசியாக, வீட்டு நிலைமை. அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மா விடியலுக்கு முன்பே உப்பளத்துக்குக் கிளம்பி அசந்துபோய்த் திரும்பியிருப்பார். தம்பி தங்கையைப் பார்க்கவும் தண்ணீர் பிடிக்கவும் மூத்த மகள்தான் ஓடி வர வேண்டும். மாலைப் பயிற்சிக்கு உண்மையான தடை இதுதான் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த மாதம் முதல் நூலகத்தை ஐந்தரை மணி வரை திறந்து வைக்கிறோம். இங்கே படிக்கும் தங்கைகள் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடிக்கலாம். ஓர் ஆசிரியை உடனிருப்பார். குழாயில் தண்ணீர் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் அன்று அவளைச் சீக்கிரம் அனுப்பிவிடுவோம். வெளியூர்ப் போட்டிகளுக்கு ஆசிரியைகள் கூடவே போவார்கள், கிளம்பும்போதும் திரும்பும்போதும் உங்களுக்குத் தகவல் வரும். விரும்பினால் அம்மாவும் வேனில் வரலாம். வீட்டில் மகனும் இருந்தால், தண்ணீர்க் குடத்தை வாரத்தில் இரண்டு நாள் அவன் தூக்கட்டும்.

இத்துடன் உள்ள படிவத்தில் மகள் சேர விரும்பும் ஒன்றையோ இரண்டையோ அவளிடமே கேட்டுக் குறித்து, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் கொடுத்தனுப்புங்கள். அப்பா, அம்மா, பாட்டி என்று பிள்ளையை வளர்ப்பவர் யார் கையெழுத்திட்டாலும் ஏற்றுக்கொள்வோம். நேரில் பேச விரும்புவோர் சனிக்கிழமை காலை வாருங்கள். நான் அலுவலகத்தில்தான் இருப்பேன்.

இறையாசியுடன்,
தலைமையாசிரியை