பச்சை டிக் காட்டியும் போய்ச் சேராத ₹18,400: புகார்

கோபிசெட்டிபாளையம்,
27.10.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அக்டோபர் 6ஆம் தேதி ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில், தீபாவளி பிளவுஸ் தைப்பதற்கான துணிக்காக ₹18,400ஐ உங்கள் யுபிஐ செயலி வழியே ஸ்கேன் செய்து செலுத்தினேன். பச்சை டிக்கும் வந்தது, கடையின் பெயரும் வந்தது. பணம் வந்ததைச் சொல்லும், மேசைமேல் இருந்த சவுண்ட் பாக்ஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. "பெட்டி பேசலையேக்கா" என்றார் கடைக்காரர். அரைமணி நேரம் காத்திருந்தும் அவருக்குப் பணம் வராததால், கட்டி வைத்த சரக்கைப் பிரித்து மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி அப்போதே வந்துவிட்டது. அன்றிரவு செயலியைத் திறந்து பார்த்தால், 'வெற்றி' இருந்த இடத்தில் 'நிலுவையில் உள்ளது' என்று இருக்கிறது. எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எனக்கு ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? கடையிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் இன்று நான்தான் பொய் சொன்னவளாகியிருப்பேன்.

அன்றிரவே புகார் பதிந்தேன். இதுவரை ஐந்து புகார்கள். ஐந்தையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருக்கிறீர்கள். வங்கியில் கேட்டால் செயலியைக் கேட்கச் சொல்கிறார்கள், உங்களைக் கேட்டால் வங்கிக்குப் போகச் சொல்கிறீர்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை எத்தனை முறைதான் ஒப்பிப்பது? உங்கள் ஊழியர் ஒருவர், "பணம் எங்ககிட்ட இல்லம்மா, பேங்க்ல போய் அழுங்க" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். இருபது ஆண்டுகளாகத் தையல் கடை நடத்துகிறேன். இப்படி ஒரு சொல்லை எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை. அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும், தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன்பே, ஈரோட்டு அலுவலகத்தில் நேரில் தீர்த்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னதை நம்பி, 14ஆம் தேதி கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறினேன். அங்கே இருந்த தம்பி கடைகளுக்கு கியூஆர் அட்டை ஒட்டுபவராம். புகாரெல்லாம் செயலியில்தான் என்று அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். அந்த ஒரு நாளோடு என் தீபாவளி வியாபாரமே போய்விட்டது.

வணிகருக்குச் செலுத்திய யுபிஐ தொகை அவரைச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் திரும்ப வர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே வரவு வைக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. அக்டோபர் 12 முதல் இன்றுவரை 16 நாட்கள், ₹1,600 ஆகிறது. இதை என்னிடம் உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு உறுத்துகிறது.

ஆகவே ₹18,400ஐயும் இழப்பீட்டையும் என் கணக்கில் வரவு வைத்து, பணம் இத்தனை நாளும் எங்கே நின்றது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் முதல் புகாருக்கு நவம்பர் 5ஆம் தேதியோடு 30 நாள் முடிகிறது. மறுநாள் காலையே, ஸ்கிரீன்ஷாட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் மூடப்பட்ட ஐந்து புகார் எண்களும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போய்ச் சேரும்.

இந்தக் கடிதத்தையாவது 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(தையல் கடை உரிமையாளர்)