இனி பிரசவம் பார்க்கப்போவதில்லை

அன்பு மகளுக்கு,

"அறுவை சிகிச்சையை மட்டும் விட்டுவிடு அம்மா, ஓ.பி. பார்த்துக்கொண்டிரு. வேலையே இல்லையென்றால் நீ ஒடிந்துபோவாய்" என்று போனில் சொன்னாய். உன் கவலை புரிகிறது. ஆனால் முடிவு எடுத்தாகிவிட்டது. இந்த மாதக் கடைசியோடு பிரசவமும் அறுவை சிகிச்சையும் நிற்கின்றன. ஓ.பி.யையும் படிப்படியாக முடித்துக்கொள்வேன். காரணத்தை உனக்கு முழுவதுமாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய். அதன் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் முதன்முதலில் விவரித்து எழுதியபோதும் நடுக்கத்தை வைத்துத்தான் இந்த நோய்க்குப் பெயர் சொன்னார். என் வலது கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் ஆடுகிறது. கத்தரியை எடுத்தால் அடங்கிவிடுகிறது. "உங்கள் கை நன்றாகத்தானே இருக்கிறது டாக்டர்?" என்று நர்ஸ்கள் கேட்கிறார்கள். எனக்குப் பயம் மந்தத்தைக் கண்டு. மூளையில் அசைவுகளை இயக்க உதவும் டோபமின் என்ற ரசாயனம் குறையக் குறைய ஒவ்வொரு அசைவும் சிறுத்து மெதுவாகிறது. கேஸ் ஷீட்டில் வரியின் தொடக்கத்தில் இருக்கும் என் கையெழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு சைஸுக்கு வந்துவிடுகிறது. பார்க்காமலே போட்ட முடிச்சை இப்போது விரல் விரலாக யோசித்துப் போடுகிறேன்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை இறுகினால்தான் அந்தக் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். இறுகாமல் தளர்ந்தால் மருந்து ஏற்ற வேண்டும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அதற்கும் நிற்காவிட்டால் வயிற்றைத் திறந்து தையல் போட வேண்டும். அந்த நேரத்தில் என் விரல்கள் எடுத்துக்கொள்ளும் கூடுதல் அவகாசத்துக்கு, படுத்திருக்கும் பெண் தன் ரத்தத்தைக் கொடுக்கிறாள். டோபமினை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை போட்டால் சில மணி நேரம் கை சொன்னபடி கேட்கிறது. அதன் வேகம் இறங்கியதும் பழையபடி கட்டிப்போட்டது போல ஆகிவிடுகிறது. என் மாத்திரை நேரம் பார்த்தா பிரசவ வலி வரும்?

சரி, ஓ.பி.யை ஏன் விட வேண்டும்? என் முகத்தால். இந்த நோய் முகத் தசைகளையும் விட்டுவைப்பதில்லை. உள்ளே எவ்வளவு கலங்கினாலும் வெளியே எதுவும் தெரியாமல் போகிறது, குரலும் தாழ்கிறது. சில வாரங்களுக்கு முன் ஒரு பெண்ணிடம், ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கனிவோடும்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் மேல் கோபமா டாக்டர்? நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்று கேட்டாள். கருச்சிதைவானால் பெண்கள் முதலில் தங்களைத்தான் குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது குரோமோசோம் கோளாறால் நேர்வது, அவர்கள் செய்தது எதுவும் காரணமில்லை. அதைச் சொல்கிற முகமே கல்லாக இருந்தால் யார் நம்புவார்கள்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன், சமாதானமானாள். ஆனால் இந்தத் துறையில் பாதி வைத்தியம் முகம்தான் மகளே.

வருத்தம் இல்லாமல் இல்லை. தலை வெளிவரும் தருணத்தில் உள்ளங்கையால் அதைச் சற்றே தாங்கி, தாயின் தசை கிழியாமல் மெல்ல மெல்ல விடுவோமே, அந்த அழுத்தத்தின் அளவு என் கைக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அதற்காக அழுதேன். இன்னும் அழுவேன்.

இப்போது என் நேரமெல்லாம் நோயாளிகளை ஒப்படைப்பதில் போகிறது. அவரவர் சம்மதம் கேட்டு, அடுத்து வரும் டாக்டருக்கு எழுதி வைக்கிறேன். ஆறாம் மாதத்தில் குழந்தையை இழந்து, மறுபடி கருவுற்றிருக்கும் ஒருத்திக்கு உள்ளே வந்ததும் இதயத் துடிப்பைக் கேட்க வைத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் என்ன கேட்டாலும் அவள் காதில் ஏறாது. இன்னொருத்தியைத் தொடும் முன் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஏன் என்பதை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அதை எழுத மாட்டேன். மாதவிடாய் நின்று பல வருடங்கள் கழித்து ரத்தம் பட்ட ஒரு பெரியம்மா, கூச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு சொட்டானாலும் பார்த்தே தீர வேண்டும். அவரை நாம்தான் கூப்பிட்டு வரவழைக்க வேண்டும். இவற்றை எழுத கணினிப் படிவத்தில் கட்டமே கிடையாது.

கடைசியாக உன் விஷயம். உனக்கு 35 ஆகப்போகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்குகளில் ஒன்று, 70 சதவீதப் பெண்களாவது 35 வயதுக்குள் ஒரு முறையும் 45-க்குள் மறுமுறையும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது. நீ இன்னும் முதல் முறையே போகவில்லை. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மாற்றத்தை முன்கூட்டியே பிடித்துவிடலாம். வேலை முடியட்டும் என்று சொல்லாதே. அங்கேயே இந்த வாரம் நேரம் வாங்கு. முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு, அதைப் படிக்க என் கண் நன்றாகவே இருக்கிறது.

அன்புடன்,
அம்மா