தேரியைத் துளைக்கும்போது கிணற்றையும் அளந்து வையுங்கள்

ஐதராபாத்தில் உள்ள அணுக்கனிம ஆய்வு இயக்குநரக அதிகாரிகளுக்கு வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் எழுதுகிறேன். இங்கே நீங்கள் துளையிட்டு மோனசைட் தேடுவது பற்றித்தான் இந்தக் கடிதம். மோனசைட் என்பது கதிர்வீச்சு விடும் தோரியம் கலந்த கனிமம். மழை விட்டதும் செம்மணலில் தண்ணீர் ஓடிய தடத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவப்புக்கு நடுவே கறுப்பு மணல் கோடு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். சின்ன வயதில் அதை அள்ளி விளையாடியிருக்கிறோம். அது பெரும்பாலும் இல்மனைட் என்ற டைட்டானியக் கனிமம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. லேசான குவார்ட்ஸ் மணலைத் தண்ணீர் இழுத்துப் போய்விடும், கனமானது தங்கிவிடும். உங்கள் ஆய்வகத்தில் புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் மணலைக் கொட்டிப் பிரிப்பதும் இதே கணக்குத்தான்.

குதிரைமொழி, சாத்தான்குளம் தேரிகளில் மோனசைட் தேடுவதை நான் எதிர்க்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் 1909-இல் அது கண்டறியப்பட்டது. தோரியத்துக்கும் அருமண் தனிமங்களுக்கும் நாடு மோனசைட் உள்ள மணலைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. காற்றாலை, மின்கார் காந்தங்களுக்கு நியோடிமியம் என்ற அருமண் தனிமம் வேண்டும். சரி, தேடுங்கள். ஆனால் எத்தனை டன் இருக்கிறது என்ற கணக்கோடு ஆய்வு முடிந்துவிடக் கூடாது.

தேரி எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி. மழை விழுந்த வேகத்தில் மணல் குடித்துவிடும். ஓரத்துச் சுனைகளும் கிணறுகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. துளையில் எத்தனை அடியில் ஈரம் தட்டுகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். பக்கத்துக் கிணற்று நீரையும் சோதியுங்கள். காமா கதிர் அளக்கும் கருவி கையில்தானே இருக்கிறது? ஊருக்குள் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துத் திண்ணையிலும் வைத்துப் பாருங்கள். நாளைக்கு இங்கே யாரோ தோண்ட வந்து, கதிர்வீச்சு கூடியதா குறைந்ததா என்று வழக்கு வந்தால், தோண்டுவதற்கு முந்தைய அளவு வேண்டும். தோண்டிய பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது.

அப்புறம் வண்டித்தடம். இந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது பனையும் முந்திரியும் உடைமரமும்தான். தடத்துக்காக அவற்றை வெட்டினால் ஆடிக்காற்றில் மணல் கிளம்பித் தோட்டத்துக்குள் வந்துவிடும். இருக்கிற பாதையிலேயே போங்கள், துளைகளை மூடிவிடுங்கள். மேல்மணலில் கூர்மையான சின்னக் கல் சில்லுகள் கண்ணில் பட்டால் மிதித்துவிடாதீர்கள். இந்தத் தேரிகளில் கற்கால மனிதர்களின் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

மோனசைட் கணக்கை வெளியே சொல்ல முடியாதென்றால் வேண்டாம். கிணற்று நீர் முடிவையும் காமா அளவையும் மட்டும் தமிழில் எழுதி, தேரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ஒட்டிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தேரியோரத்து ஊர்க்காரன்