சிப் செத்துவிட்டது என்று ஒதுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் மாதங்களில் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் பலர், வாங்கி வந்த மைக்ரோகன்ட்ரோலரை (புரோகிராம் ஏற்றி ஓடவிடும் சிறு கணினிச் சிப்பை) ‘டூப்ளிகேட்’, ‘செத்துப்போச்சு’ என்று ஒதுக்கிவிட்டு மறுபடி ரிச்சி தெருவுக்கு ஓடுகிறார்கள். ஒதுக்கப்படும் சிப்புகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கின்றன. புரோகிராம் ஏற்றும் முறைதான் அந்தச் சிப் அப்போது இருக்கும் நிலைக்குப் பொருந்தவில்லை. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ஏடிமெகா328பி, ஏடிடைனி85 இரண்டையும் வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

முதலில் புத்தம்புது 328பி. அதனுள் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் (கடிகாரத் துடிப்பு தரும் பகுதி) இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தை எட்டால் வகுக்கும் ஃப்யூஸ் (சிப்புக்குள் எழுதிவைக்கும் அமைப்பு பிட்) போட்டே வருவதால் சிப் ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸில். சர்க்யூட்டில் இருக்கும்போதே சிப்பில் புரோகிராம் ஏற்றும் ஐஎஸ்பி முறையில், தரவுக்குத் தாளம் போடும் எஸ்சிகே சிக்னலின் வேகம் சிப்பின் வேகத்தில் கால் பங்குக்கும் குறைவாக, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். மாணவர்கள் கையில் இருக்கும் யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் வழக்கமாக அனுப்புவதோ 375 கிலோஹெர்ட்ஸ். சிப்புக்கு எதுவும் புரியாது, திரையில் பிழைச் செய்தி வரும், பழி கடைக்காரர் மேல் விழும். புரோகிராம் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட்டின் கட்டளையில் ‘மைனஸ் பி 10’ சேர்த்தால் வேகம் 100 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் இறங்கிவிடும். பழைய ஃபர்ம்வேர் உள்ள யுஎஸ்பிஏஎஸ்பி இதைக் கேட்காது. அதற்கு போர்டிலேயே இருக்கும் மெதுவேக ஜம்பரை ஷார்ட் செய்ய வேண்டும்.

அடுத்தது கிரிஸ்டல் ஃப்யூஸ். வெளிக் கிரிஸ்டல் (சிப்புக்கு வெளியே இருந்து கடிகாரத் துடிப்பு தரும் பாகம்) என்று ஃப்யூஸை மாற்றிவிட்டு, கிரிஸ்டல் இல்லாத பிரெட்போர்டில் சிப்பைச் செருகினால் அது மௌனமாகிவிடும். ஐஎஸ்பி வேலை செய்யச் சிப்புக்குள் கடிகாரம் ஓடியாக வேண்டும். 9, 10 ஆம் கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும், இரு பக்கமும் தரைக்கு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டால் உயிர் வந்துவிடும். தவறுதலாக ‘வெளிக் கடிகாரம்’ என்று ஃப்யூஸ் எழுதியிருந்தால் கிரிஸ்டல் உதவாது. 9 ஆம் காலில் 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை கொடுக்க வேண்டும்; ஒரு ஆர்டுயினோ போர்டே அதைக் கொடுத்துவிடும். இந்த இரண்டுக்கும் 12 வோல்ட் கொடுத்து எழுதும் உயர் மின்னழுத்த முறை தேவையில்லை.

12 வோல்ட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ரீசெட் கால் (சிப்பை மீண்டும் முதலிலிருந்து ஓடவைக்கும் கால்). டைனி85-இல் எட்டுக் கால்கள்தான். ரீசெட்டை விட்டால் உள்ளீடு வெளியீட்டுக்கு மிஞ்சுவது ஐந்து. ஆறாவதுக்கு ஆசைப்பட்டு ரீசெட்டை முடக்கும் ஃப்யூஸை எழுதிவிடுகிறார்கள். ரீசெட்டை பூஜ்ஜியத்தில் பிடித்துத்தான் ஐஎஸ்பிக்குள் நுழைய முடியும் என்பதால், அந்த நிமிடத்தோடு ஐஎஸ்பி கதவு மூடிவிடும். மிச்சமிருப்பது உயர் மின்னழுத்த சீரியல் முறை மட்டுமே.

அதற்கு ஒரு ஆர்டுயினோ ஊனோ, ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், ஆறு 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு 12 வோல்ட் சப்ளை போதும். 12 வோல்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாக 1 ஆம் காலுக்குப் போகும். டிரான்சிஸ்டரின் கலெக்டரும் அதே காலில், எமிட்டர் தரையில், பேஸ் இன்னொரு ரெசிஸ்டர் வழியாக ஊனோவில். மற்ற நான்கும் 2, 5, 6, 7 ஆம் கால்களுக்கான சிக்னல் கம்பிகளில். 8 ஆம் காலுக்கு வரும் 5 வோல்ட்டையும் ஊனோவே நிறுத்தவும் கொடுக்கவும் வேண்டும். 5, 6, 7 ஆம் கால்களை பூஜ்ஜியத்தில் வைத்து 5 வோல்ட்டைக் கொடுத்து, 20 முதல் 60 மைக்ரோ செகண்டுக்குள் டிரான்சிஸ்டரை அணைத்தால் ரீசெட்டில் 12 வோல்ட் ஏறும். பிறகு பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் ஃப்யூஸ் லோ 62, ஹை டிஎஃப் என்று எழுதினால் பழைய நிலை திரும்பும். சர்க்யூட் படத்தில் 2என்3904 என்று இருந்து கையில் பிசி547 இருந்தால் கவனம்: கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும்.

இதைச் சிப் போர்டில் இருக்கும்போதே செய்யவே கூடாது. 12 வோல்ட்டைத் தாங்குவது ரீசெட் கால் ஒன்றுதான். அதே தடத்தில் சென்சார் ஏதாவது இருந்தால் அது போய்விடும். சிப்பைக் கழற்றி சாக்கெட்டில் வைத்தே செய்ய வேண்டும். 328பி-க்கு இந்த சீரியல் வசதி கிடையாது. உயர் மின்னழுத்தப் பேரலல் முறைதான், ஏறக்குறைய எல்லாக் கால்களுக்கும் கம்பி இழுக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு ஒரு காலை மிச்சம் பிடிப்பதைவிட, பதினான்கு கால் ஏடிடைனி84-க்கு மாறுவதே புத்திசாலித்தனம். ரீசெட்டைத் தொடாமலே பதினொன்று கிடைக்கும்.

முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு பூட்லோடர் (யுஎஸ்பி வழியாகவே புரோகிராமை ஏற்றித் தரும், சிப்பில் இருக்கும் சிறு புரோகிராம்) போதும். ஊனோவில் அது எடுத்துக்கொள்வது 512 பைட்தான். அதன் வழியாக ஃப்யூஸை மாற்ற முடியாது என்பதே பெரிய பாதுகாப்பு. ஆனால் அதே சிப்பில் ஒரு முறை ஐஎஸ்பி வழியாக அழித்து எழுதினால் பூட்லோடரும் போய்விடும், பிறகு யுஎஸ்பி வழி ஏறாது. அதையும் ‘செத்துப்போச்சு’ கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

பிக் என்ற வேறு வகை மைக்ரோகன்ட்ரோலர் பயன்படுத்தும் கல்லூரிகளிலும் இதே கதைதான். 16எஃப்877ஏ-வில் குறைந்த மின்னழுத்தத்தில் புரோகிராம் ஏற்றும் முறை ஆன் ஆகவே வரும். ஆர்பி3 காலை அந்தரத்தில் விட்டால் புரோகிராம் காரணமில்லாமல் நின்று போகும். அந்த முறையை இயக்கும் பிட்டை அணைக்க எம்சிஎல்ஆர் (ரீசெட்) காலில் சுமார் 13 வோல்ட் கொடுக்கும் புரோகிராமரால்தான் முடியும்.

எனவே கல்லூரி முதல்வர்களுக்கும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆய்வகத்திலும் ஒரு உயர் மின்னழுத்தப் புரோகிராமர் இருக்கட்டும். ஃப்யூஸை எழுதும் முன் இருப்பதைப் படித்து ரெக்கார்டு நோட்டில் குறிப்பதைச் செய்முறைப் பயிற்சியின் முதல் படியாக்குங்கள். சிப்பின் அடையாள எண் மூன்று பைட்டும் பூஜ்ஜியமாகவோ எஃப்எஃப் ஆகவோ வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு வயரிங்கையும் கடிகாரத்தையும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்